நிறமற்ற கிளேஸும் ஒரு வத்தக்குழம்புக் கிண்ணமும்

நான் சுட்டுக் கொடுத்த முதல் பீங்கான் கிண்ணத்தில் அண்ணி மூன்று வாரம் வத்தக்குழம்பு ஊற்றிவைத்துப் புழங்கினார். பிறகு ஒருநாள் அதைக் கையோடு எடுத்துவந்து, “இன்னா தம்பி, உள்ள முடி ஒட்டிக்கினு இருக்குது, எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது” என்றார். அது முடியன்று. கிளேஸில், அதாவது மேலே உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சில், ஓடியிருந்த மயிரிழை விரிசல்களுக்குள் புளியும் மஞ்சளும் இறங்கிப் பழுப்பேறிய கோடுகள் அவை. சூளையிலிருந்து எடுத்த அன்று ஒரு கோடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

சென்னை கொசப்பேட்டையில் பிள்ளையார் சிலைக்கும் கொலு பொம்மைக்கும் மண் பிசையும் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டு வேலையில் கிளேஸ் என்பதற்கே இடம் இருந்ததில்லை. பொம்மைக்கு வர்ணம் போதும், பானைக்கு அதுவும் வேண்டாம். ஓட்டேரியில் வாடகைக்கு எடுத்த தரைத்தள அறையில் மின்சூளை வைத்து, ஆறாம் எண் கோன் (குறித்த வெப்பத்தில் வளைந்து காட்டும், சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு) சாயும் வெப்பத்தில், அதாவது ஏறத்தாழ 1220 டிகிரி செல்சியஸில் இறுகும் வெள்ளைக் களிமண்ணை வாங்கியபோது, வடிவம் கொடுப்பதுதான் கடினம், மேற்பூச்சு எளிது என்று நினைத்திருந்தேன்.

எடுத்துக்கொண்ட வாய்பாடு குயவர்களிடையே பரவலாகப் புழங்குவது: பொட்டாஷ் பெல்ட்ஸ்பார் (பொட்டாசியம் தரும் பாறைப்பொடி), வோலாஸ்டோனைட் (சுண்ணாம்புச் சத்துள்ள கனிமம்), ஃபிரிட், கயோலின் (வெள்ளைக் களிமண் வகை), குவார்ட்ஸ் மாவு ஆகிய ஐந்தும் தலா 20 பங்கு. இதில் குவார்ட்ஸ் கண்ணாடியாகிறது. கயோலினில் உள்ள அலுமினா அந்தக் கண்ணாடி வழிந்தோடாமல் பிடித்துவைக்கிறது. மற்றவை உருக்கும் வேலையைச் செய்கின்றன. உருக்கத்துக்கு வேண்டிய போரானை வெங்காரமாகச் சேர்த்தால் அது தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால், முன்கூட்டியே கண்ணாடியாக உருக்கிக் குளிரவைத்துப் பொடித்த ஃபிரிட்டாகச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கால்சியம் கார்பனேட்டைப் போடலாம்; ஆனால் அது சூளையில் தன் எடையில் சுமார் 44 விழுக்காட்டைக் கரியமில வாயுவாக விட்டுவிடும், அந்த வாயு நிறமற்ற கிளேஸில் குமிழிகளாகச் சிக்கிக்கொண்டு பால் கலந்ததுபோல் காட்டும். ராஜஸ்தானில் வெட்டியெடுக்கப்படும் வோலாஸ்டோனைட்டில் அந்தத் தொல்லை இல்லை.

விரிசலுக்குக் காரணம் எளியது. சூளை ஆறும்போது களிமண்ணும் சுருங்குகிறது, அதன்மேல் ஒட்டிய கண்ணாடியும் சுருங்குகிறது. கண்ணாடி கூடுதலாகச் சுருங்க முயன்றால் இழுபட்டுக் கீறிவிடும்; அந்தக் கீறல் அன்றே தெரியலாம், வாரங்கள் கழித்தும் தெரியலாம். கிளேஸில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்தால் சுருக்கம் கூடும், குவார்ட்ஸும் மெக்னீசியமும் மிகுந்தால் குறையும். ஆகவே மற்ற நான்கையும் அப்படியே வைத்து, குவார்ட்ஸை மட்டும் 26, 32, 38 பங்கு என்று ஏற்றி மூன்று கலவைகள் செய்தேன். 26 பங்கில் கோடுகள் குறைந்தன. 38 பங்கில் கோடுகள் இல்லை, ஆனால் பளபளப்பும் போய், விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தது. முழுவதும் உருகாத கிளேஸ் விரிசலற்றதாக இருந்தாலும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு உதவாது, ஏனெனில் சரியாகக் கண்ணாடியாகாத பரப்பைப் புளிப்பு எளிதில் அரிக்கும். 32 பங்கு குவார்ட்ஸோடு 5 பங்கு டால்க் சேர்த்தபோதுதான் விரிசலின்மை, பளபளப்பு இரண்டும் ஒத்துவந்தன. டால்க் தருவது மெக்னீசியம். (உலர்ந்த குவார்ட்ஸ் மாவு நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பொடியைத் தண்ணீரில் மெல்ல இறக்கித்தான் கலக்க வேண்டும். இதை நான் இரண்டு மாதம் தாமதமாகத்தான் கடைப்பிடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

இந்தக் கணக்குகளைப் போடும்போதுதான், நான் வாங்கிய ஃபிரிட் பையில் அதன் உட்கூறுகள் எதுவும் அச்சிடப்படவில்லை என்பது உறைத்தது. விற்றவரைக் கேட்டேன், “லெட் கிடையாதுங்க” என்று வாய்மொழியாகச் சொன்னார், தாளாக எதுவும் தரவில்லை. ஈயம் கலந்த கிளேஸ் குறைந்த வெப்பத்திலேயே உருகி, மற்ற எதைவிடவும் தெளிவாகவும் மினுமினுப்பாகவும் வரும் என்பதால், நிறமற்ற கிளேஸில் கண்ணழகை நம்புவது ஆபத்து. பச்சை, நீலக் கிளேஸ்களில் எலுமிச்சைத் துண்டை ஒரு இரவு வைத்துப் பார்த்தால் நிறம் வெளிறுவதாவது தெரியும். நிறமே இல்லாததில் வெளிற என்ன இருக்கிறது? பளபளப்பு மங்கியதா என்று மட்டும் பார்க்கலாம், ஈயம் இறங்கியதா என்பதை வீட்டில் நம்பகமாக அறிய வழியில்லை. அந்தப் பையை ஒதுக்கிவிட்டு, பகுப்பாய்வுத் தாளோடு விற்கப்படும் வேறொரு ஃபிரிட்டை வாங்கி, வாய்பாட்டை மீண்டும் சுட்டுச் சரிபார்த்த பிறகு, கிண்ணங்களை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை நிரப்பி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அங்கே அளக்கிறார்கள். இரண்டுமே கருவி அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே இருந்தன. கட்டணம் எனக்கு வலித்தது. ஆனால் பிறர் வாய்க்குப் போகும் பாத்திரத்தை விற்பவர் செலவு பார்க்கக் கூடாத இடம் இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

மிச்சமிருந்தது சூளை. மாலை நேரங்களில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் இறங்கிவிடும், உச்ச வெப்பத்துக்கு ஏறாமல் சூளை மணிக்கணக்கில் திணறும். ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் போட்டு விடியலில் முடிக்கும்படி மாற்றிக்கொண்டேன். உச்சத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, சுமார் 1150 டிகிரிக்கு இறக்கி அங்கே அரை மணி நேரம் வைத்ததில், குமிழி வெடித்த ஊசித்துளைகள் மூடிக்கொண்டன. கருவியின் எண்ணைவிட, உள்ளே வைத்த கோன் எவ்வளவு வளைந்தது என்பதையே நம்புகிறேன்.

இப்போது பெல்ட்ஸ்பார் மூட்டை மாறும்போதெல்லாம் முதலில் மூன்று கிண்ணங்களை மட்டும் சுடுகிறேன். ஒன்றைக் கொதிநீரிலும் பனிக்கட்டித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி, மேலே மையைத் தேய்த்துத் துடைத்து, கோடு தெரிகிறதா என்று பார்க்கிறேன். கிளேஸின் சுருக்கம் தேவைக்குமேல் குறைந்துவிட்டால் விளிம்பிலிருந்து கண்ணாடிச் சில்லுகள் உதிரும், அது விரிசலைவிடக் கொடியது என்பதால் விளிம்பை நகத்தால் கீறிப் பார்க்கிறேன். இரண்டாவதில் ஒரு நாள் வினிகர் நிற்கும். மூன்றாவது அண்ணிக்குப் போகிறது; இம்முறை அவர் அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்.