பல்ப் வாங்கிய கதை

'பல்ப் வாங்கினேன்' என்று தமிழில் எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் போன வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது.

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் வீடு. பின்பக்கம் சிமெண்டு போட்ட சின்னக் கொல்லை, ஒரு பிடி மண் கிடையாது. டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். பிப்ரவரி வரைக்கும் சுவர், வானம், குப்பைத்தொட்டி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் அக்டோபரில் இருபது டியூலிப் பூக்கிழங்கு வாங்கினேன். இங்கிலீஷில் அதற்கும் 'பல்ப்' என்றுதான் பெயர். தொட்டியில் நட்டேன். பாவம், குளிரில் விறைத்துப் போகுமே என்று தூக்கி வந்து சமையலறையில் வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தேன்.

ஜனவரியில் இலை வந்தது. இலை மட்டும்தான் வந்தது. இரண்டு செடியில் மொட்டு மாதிரி ஏதோ தெரிந்தது. விரித்துப் பார்த்தால் உள்ளே காகிதம் போல் காய்ந்திருந்தது.

அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கி போட்டவர், கிழங்கு விஷயத்தில் அவரிடம் யாரும் கதை விட முடியாது.

"என்ன தாயி, வெங்காயம் நட்டிருக்கியா?"

"டியூலிப்ப்பா."

"வீட்டுக்குள்ள எதுக்கு வெச்ச? அது எந்த ஊருக் கிழங்கு?"

மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள்தான் டியூலிப்பின் சொந்த ஊர். பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, பனி உருகியதும் எழும்பிப் பூக்கிற ஜாதி. பன்னிரண்டு வாரமாவது ஒன்பது டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் தண்டு நீண்டு ஒழுங்காகப் பூக்கும். நான் அதைக் கம்பளி போர்த்தாத குறையாகக் காப்பாற்றி, பூக்க விடாமல் செய்திருக்கிறேன். அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சரி, இந்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்று முப்பத்தைந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மண் தொட்டி வாங்கினேன். ஒரே தொட்டியில் அடுக்கடுக்காக நடுவதை, அடுக்கிச் செய்கிற இத்தாலியப் பலகாரத்தின் பெயரால் இங்கே லசானியா என்கிறார்கள். எனக்கு அது தம் பிரியாணிதான். அடியில் மண் கலவை, அதன்மேல் ஏழு டியூலிப். மறைகிற அளவுக்கு மண் போட்டு, மஞ்சளாகப் பூக்கிற பத்து குட்டி டாஃபடில் கிழங்கு. அதற்கும் மேலே ஊதாப் பூ பூக்கிற பதினைந்து குரோக்கஸ் கிழங்கு, கடைசியாக மூடாக்கு மண். கூர் முனை மேலே இருக்க வேண்டும், ஒன்றை ஒன்று தொடக்கூடாது, அவ்வளவுதான். கீழே இருக்கிற முளை மேலே இருக்கிற கிழங்கை இடித்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டேன். ஒன்றும் ஆகாது, சந்தைக் கூட்டத்தில் அம்மா நுழைகிற மாதிரி வளைந்து நெளிந்து வழி கண்டுபிடித்துவிடும்.

டாஃபடிலுக்குச் செப்டம்பரே நல்லது. ஆனால் டியூலிப்பை அவ்வளவு சீக்கிரம் போட்டால் இலையைக் கருக்குகிற பூஞ்சை நோய் வர வாய்ப்பு அதிகம். மண் நன்றாகக் குளிரட்டும் என்று நவம்பர் வரை பொறுப்பார்கள். ஒரே தொட்டி என்பதால் நான் எல்லாவற்றையும் நவம்பரில் போட்டேன். அந்த மாதக் கடைசியில் மிச்சக் கிழங்குகளைக் கடைகளில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது இன்னொரு வசதி.

குளிரைவிட ஈரம்தான் கிழங்கைக் கொல்லும். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பொடி ஜல்லி கலந்தேன், தொட்டிக்கு அடியில் மூன்று ஓட்டுத் துண்டு வைத்துத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தேன். மழைத் தண்ணீர் ஓட்டை வழியாக ஓடிவிடுகிறது.

அப்புறம் அணில். நம் ஊர் அணில் போல முதுகில் கோடு போட்ட சாது இல்லை. சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டி சைஸ். இதுவும் வந்தேறிதான், 1876-ல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நட்ட மறுநாள் காலையில் தோண்டி, மூன்று குரோக்கஸைத் தின்றுவிட்டுத் தோலை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தது. கோழி வலை வாங்கி மூடிக் கட்டியபின் வரவில்லை. டாஃபடிலை அது தொடாது, விஷம். மனிதர்களுக்கும்தான். வெங்காயம் என்று நினைத்துச் சமைத்துவிடப் போகிறார்கள் என்று, டாஃபடிலைக் காய்கறிப் பக்கம் வைக்காதீர்கள் என 2015-ல் இங்கிலாந்து பொதுச் சுகாதாரத் துறை சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு எழுதியது. அப்பா கேட்டதில் தப்பே இல்லை.

பிப்ரவரி நடுவில் குரோக்கஸ் வந்தது. காலையில் ஊதா நிற மெழுகுத்திரி போல மூடிக்கொண்டு நிற்கும். பதினொரு மணி வெயில் பட்டதும் அரை மணி நேரத்தில் கிண்ணமாக விரியும், நடுவில் பளீரென்று ஆரஞ்சு நிறம். மேகம் வந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். அம்மா அந்த ஆரஞ்சைப் பார்த்துவிட்டு, "குங்குமப்பூடி! எடுத்துப் பாலில் போடு" என்றாள். குங்குமப்பூ இதற்கு ஒன்றுவிட்ட தங்கை, காஷ்மீரில் பாம்பூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் பூக்கிறது. என் தொட்டியில் இருப்பது சும்மா அழகுக்கு. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

இந்த வாரம் டாஃபடில். டெட்-ஆ-டெட் என்று பெயர், இங்கிலாந்தின் கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் உருவாக்கிய ரகம். ஒரு சாண் உயரம்தான். ஒரே தண்டில் பெரும்பாலும் இரண்டு பூ, தலையோடு தலை ஒட்டி யாரைப் பற்றியோ புறணி பேசுகிற மாதிரி. பிரெஞ்சில் அந்தப் பெயருக்கும் கிட்டத்தட்ட அதுதான் அர்த்தம். பூ வாடியதும் தலையைக் கிள்ளிவிட்டு இலையை ஆறு வாரமாவது வெட்டாமல் விட வேண்டும், அடுத்த வருஷத்துப் பூவுக்கு அதுதான் சாப்பாடு போடுகிறது.

அந்த இலைகளுக்கு நடுவே டியூலிப் சிவந்த மூக்கை நீட்டியிருக்கிறது, ஏழும். இன்று ராத்திரி மைனஸ் இரண்டு என்கிறார்கள். தொட்டி வெளியேதான் இருக்கிறது. இரண்டு தடவை எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.