ஓப்பன்பிஎஸ்டியில் கட்டளை வரியிலேயே மெயில்: மூன்று வாரயிறுதி அனுபவம்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போன்ற இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியைப் போட்டு ஒரு வருடம் ஆகிறது. எல்லா வேலையும் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்கு வந்துவிட்டது, மெயில் மட்டும் பிரவுசரிலேயே நின்றது. பிரவுசரைத் திறந்தாலே மெஷின் திணறும். நெட் இல்லாதபோது பழைய கடிதம் ஒன்றைத் தேட வழியே இல்லை. பதினோரு வருட மெயில் மொத்தமும் யாருடைய சர்வரிலோ இருக்கிறது என்பதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவற்றை என் டிஸ்கில் சாதாரண ஃபைல்களாக வைத்துக்கொண்டு, அங்கிருந்தே படித்து, பதில் எழுதி, அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்தேன். இறக்குவதற்கு எம்பிசிங்க், படிப்பதற்கு எம்பிளேஸ், அனுப்புவதற்கு ஓப்பன்பிஎஸ்டியோடு கூடவே வரும் எஸ்எம்டிபிடி. ஒரே மென்பொருள் எல்லாவற்றையும் செய்வதைவிட இப்படிப் பிரித்து வைப்பதுதான் எனக்குப் பிடித்தது. எது உடைந்தாலும் எங்கே உடைந்தது என்று தெரியும்.

எம்பிசிங்க்கை நிறுவத் தேடினால் அந்தப் பெயரில் பேக்கேஜ் கிடைக்காது. பேக்கேஜின் பெயர் ஐசிங்க், அதற்குள் இருக்கும் நிரல்தான் எம்பிசிங்க். அமைப்புக் கோப்புக்குப் பழைய மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதினேன், எச்சரிக்கைக்கு மேல் எச்சரிக்கை. 1.4 பதிப்பிலேயே மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்கள் ஃபார், நியர் என்று மாறிவிட்டன, 1.5-இல் இணைப்பின் குறியாக்கத்தைச் சொல்லும் எஸ்எஸ்எல்டைப் என்பது டிஎல்எஸ்டைப் ஆனது. அந்த நொடியே பழைய மாதிரியை மூடிவிட்டு மேன் பேஜை, அதாவது நிரலோடு வரும் கையேட்டை, முதலிலிருந்து படித்தேன். முன்பே செய்திருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

படித்ததில் இரண்டு விஷயங்கள் முக்கியம். இந்தக் கோப்பில் வெற்று வரிக்கு அர்த்தம் உண்டு: அது ஒரு பகுதியை முடித்துவிடும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கணக்கு விவரத்தின் நடுவே ஒரு வரி இடம் விட்டிருந்தேன், அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் அநாதையாகிவிட்டன. இன்னொன்று, மெயில் வைக்கும் பாதையின் கடைசியில் சாய்கோடு கட்டாயம். அது இல்லாவிட்டால் கோப்புறைப் பெயர் பாதையோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். என் ஹோம் அடைவில் ‘மெயில்சென்ட்’, ‘மெயில்டிராஃப்ட்ஸ்’ என்று வரிசையாக முளைத்த பிறகுதான் அது புரிந்தது.

உண்மையான பயம் வேறு. இது இரண்டு பக்கமும் ஒத்திசைக்கும் கருவி. நான் இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் போய்விடுமே? அதனால் முதல் இரண்டு வாரமும் ஒத்திசைவை ‘புல்’ என்று மட்டுமே வைத்திருந்தேன், அதாவது சர்வரிலிருந்து இறக்குவது மட்டும். அழித்ததை நிரந்தரமாக நீக்கும் ‘எக்ஸ்பஞ்ச்’ என்பதைத் தொடவே இல்லை. அதை வைக்காதவரை எம்பிசிங்க் இயல்பாகவே எதையும் நிரந்தரமாக அழிக்காது. புதிதாகச் செய்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: எண்ணிக்கை இரு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள்.

இறங்கி வந்தது மெயில்டிர் வடிவம். ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் கர், நியூ, டெம்ப் என்று மூன்று அடைவுகள். படித்த மெயிலின் ஃபைல் பெயருக்கு வாலாக எஸ் என்ற எழுத்து சேர்கிறது, பதில் எழுதினால் ஆர், நட்சத்திரம் போட்டால் எஃப். தரவுத்தளம் எதுவும் கிடையாது, பெயர்தான் நிலை. இதை ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் கண்ணால் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

எம்பிளேஸ் இந்த ஃபைல்களின் மேல் ஓடும் சின்னச் சின்னக் கட்டளைகளின் தொகுப்பு. எம்லிஸ்ட் ஃபைல் பெயர்களைத் தரும், எம்த்ரெட் உரையாடல்களாகக் கோர்க்கும், எம்செக் அவற்றுக்கு எண் கொடுத்து நினைவில் வைக்கும், எம்ஸ்கேன் ஒரு மெயிலுக்கு ஒரு வரி காட்டும். குழாய் போட்டு, அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டி, இணைத்துக்கொள்ள வேண்டியதுதான். எண்ணைச் சொன்னால் எம்ஷோ அந்த மெயிலைத் திறக்கும், எம்ரெப் பதில் எழுத எடிட்டரைத் திறக்கும்.

தமிழ் மெயில்களில்தான் கொஞ்சம் போராட்டம். கூடவே வரும் பழைய மெயில் நிரலில் தமிழ்த் தலைப்புகள் சமக்குறியும் கேள்விக்குறியும் கலந்த சங்கேத வரிகளாகவே வரும், ஆங்கிலமல்லாத எழுத்துகளை மெயிலில் பொதியும் மைம் முறை அதற்குத் தெரியாது. எம்பிளேஸ் பிரித்துக் காட்டும், ஆனால் எக்ஸ் என்ற வரைகலைத் திரை அமர்வின் தொடக்கக் கோப்பில், எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் எல்சி_சிடைப் மாறியை யூடிஎஃப்-8 என்று வைத்திருக்க வேண்டும். நேரடியாக கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டுத் தேடியும் பயனில்லை. தமிழ் உள்ளடக்கம் பெரும்பாலும் பேஸ்64 என்ற ஆங்கில எழுத்துக் குறியீடாகத்தான் ஃபைலில் இருக்கும். தலைப்பைப் பிரித்துத் தேட எம்பிளேஸின் தேடல் கட்டளையான எம்ஏகிரெப்பில் ‘டி’ விருப்பம் உண்டு. இவ்வளவும் செய்தாலும் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் கொம்பு எழுத்துகள் இடம் மாறியே நிற்கின்றன, ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் வருகிறது. சிறிய மெயிலைப் பழகிப் படித்துவிடலாம். நீளமான தமிழ்க் கடிதத்தை ஃபைலாகச் சேமித்து ஃபயர்ஃபாக்ஸில் திறக்கிறேன். அதிலும் ஒன்று: மெயில் அடைவில் சேமித்தால் ஃபயர்ஃபாக்ஸுக்கு அது தெரியவே தெரியாது. ஓப்பன்பிஎஸ்டியில் அன்வெயில் என்ற பாதுகாப்பு, பிரவுசரை டவுன்லோட்ஸ் போன்ற ஓரிரு இடங்களுக்குள் கட்டி வைத்திருக்கிறது. கெட்ட இணையப் பக்கம் ஒன்று என் மெயில்களைத் தொட முடியாது என்பதால் அந்தக் கட்டுப்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன். டவுன்லோட்ஸிலேயே சேமிக்கப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் அனுப்புவது. இங்கேதான் ஒரு வாரம் போனது. எஸ்எம்டிபிடி-யின் அமைப்பு இலக்கணம் 2018 அக்டோபரில் வந்த 6.4 பதிப்பில் முழுதாக மாறியது. ‘அக்செப்ட்’ என்று தொடங்கும் உதாரணம் எதைப் பார்த்தாலும் தள்ளிவிடுங்கள், இப்போது ‘ஆக்‌ஷன்’, ‘மேட்ச்’ என்ற இரண்டும்தான். வெளியே போகும் மெயிலை என் மெயில் சேவையின் சர்வர் வழியாக அனுப்ப ஒரு ரிலே வரி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனி ரகசியக் கோப்பில். இரண்டடுக்கு உள்நுழைவு இருப்பதால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது, ஒரு நிரலுக்கென்றே தனியாக வைக்கும் ஆப் பாஸ்வேர்டு உருவாக்கிக்கொண்டேன். ரகசியக் கோப்பு நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்குச் சொந்தமாகவும், _எஸ்எம்டிபிடி குழு மட்டும் படிக்கும்படியும் இருக்க வேண்டும்.

எழுதிய அமைப்பின் இலக்கணத்தை மட்டும் பார்க்கும் ‘-n’ விருப்பத்தோடு சோதித்தேன், சரி என்றது. மூன்று பேருக்குப் பதில் அனுப்பினேன். பிழை எதுவும் வரவில்லை. அனுப்பக் காத்திருப்பவற்றைக் காட்டும் மெயில்க்யூவும் காலி. போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஐந்து நாள் ஆகியும் ஒருவரும் பதில் எழுதவில்லை. அதில் ஒன்று, உடம்பு முடியாத நண்பருக்கு எழுதியது.

ஒருநாள் உள்நுழைந்தபோது, புதிய மெயில் இருக்கிறது என்று கட்டளைகளை வாங்கும் ஷெல் சொன்னது. என் இன்பாக்ஸில் எதுவும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, அது சொல்வது /வார்/மெயில் அடைவில் இருக்கும் உள்ளூர்ப் பெட்டியை. திறந்தால் மூன்று கடிதங்களும் திரும்பி வந்திருந்தன. அனுப்பிய கணத்திலேயே சர்வர் மறுத்திருக்கிறது; எஸ்எம்டிபிடி அதைப் பொறுப்பாக எனக்குத் திருப்பிப் போட்டிருக்கிறது. நான்தான் அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. மெயில்லாக் என்ற பதிவுக் கோப்பில் காரணம் தெளிவாக இருந்தது. கடிதத்தின் உள்ளே ‘ஃப்ரம்’ வரியில் என் சரியான முகவரி. ஆனால் உறையின் மேல், அதாவது சர்வரிடம் தனியாகச் சொல்லப்படும் அனுப்புநர் முகவரியில், என் லேப்டாப்பின் பயனர் பெயரும் மெஷின் பெயரும். அப்படி ஒரு முகவரி உலகத்தில் இல்லை, சர்வர் ஏற்குமா? ரிலே வரியில் ‘மெயில்-ஃப்ரம்’ என்று என் முகவரியைச் சேர்த்தேன், ஒரே வரிதான். மூன்றையும் மறுபடி அனுப்பினேன், நண்பருக்கு மட்டும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மேலே நான்கு வரி சேர்த்தேன். அன்று மாலையே அவரிடமிருந்து பதில் வந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இறக்க, குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் க்ரானில் போட்டும் பார்த்தேன். கடவுச்சொல்லை ஜிபிஜி என்ற குறியாக்க நிரல் பூட்டி வைத்திருக்கிறது, க்ரானுக்கு அதைக் கேட்டு வாங்க டெர்மினல் இல்லை, தோற்றுக்கொண்டே இருந்தது. சாவியைத் திறந்து வைக்க மனமில்லாததால் அதை எடுத்துவிட்டேன். இப்போது தோன்றும்போது எம்பிசிங்க் ஓட்டுகிறேன். உள்ளூர்ப் பெட்டியையும் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறேன், அது முதலில் /வார்/மெயிலைக் காட்டும், அதன் பிறகே இன்பாக்ஸ்.