புனோம் பென்னில் கேட்ட பழைய பாட்டு

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில், ரஷ்யன் மார்க்கெட் வாசலில் டுக்டுக்கில் ஏறியதும் ஓட்டுநர் பென் டிரைவைச் செருகினார். உருகி வழியும் ஓர் ஆண் குரல். ஆனால் அடியில் ஏதோ ஒட்டவில்லை. கீபோர்டில் பட்டனைத் தட்டி ஓடவிட்ட மாதிரி, டுப் டுப் என்று ஒரே தாளம்.

“யார் பாடுறது, பொங்?” என்று கேட்டேன். மூத்தவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம்முடைய ‘அண்ணே’ மாதிரி.

“சின் சிசாமுத்!” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. அந்தக் குரலைத் தேடித்தான் நான் கம்போடியாவுக்கே போயிருந்தேன்.

1953-ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகு அந்த நாட்டைப் பாட்டு பிடித்து ஆட்டியது. நாட்டின் தலைவர் சிஹானூக்கே சாக்ஸபோன் வாசிப்பார், பாட்டுக்கு மெட்டுப் போடுவார். ஸ்டங் திரெங்கிலிருந்து மருத்துவம் படிக்க வந்த சிசாமுத், தேசிய வானொலியில் பாடகரானார். முதலில் சா-சா-சா, பொலேரோ என்று லத்தீன் அமெரிக்கப் பாணிப் பாட்டுகள். 1960 வாக்கில் பக்ஸே சாம் குரோங் என்ற இளைஞர் குழு கிதாரோடு வந்தது. பக்கத்து வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்காக நடந்த வானொலி எல்லை தாண்டிக் கேட்டது. எலெக்ட்ரிக் கிதாரும் ஆர்கனும் புனோம் பென்னுக்குள் புகுந்தன. ஆனாலும் பாடும் முறை அந்த நாட்டின் கெமர் மக்களுடையதுதான். பத்தம்பாங்கிலிருந்து வந்த பாடகி ரோஸ் செரேய்சொதியா உச்சத்துக்குப் போகும்போது குரல் ஒரு கணம் உடைந்து திரும்பும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும். இன்னொரு பாடகி பென் ரன் அதற்கு நேர் எதிர், குறும்பும் துடுக்கும்.

1970-ல் சிஹானூக் கவிழ்க்கப்பட்டார். உள்நாட்டுப் போர் நடந்தபோதும் இசைத்தட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகருக்குள் நுழைந்து மொத்த ஊரையும் வயல்களுக்கு விரட்டியது. நான்கே ஆண்டுகளுக்குள் பட்டினியாலும் கொலையாலும் சுமார் 17 லட்சம் பேர் போய்விட்டார்கள். சிசாமுத், செரேய்சொதியா, பென் ரன் மூவருமே திரும்பவில்லை. எங்கே, எப்படி இறந்தார்கள் என்பதற்கு இன்றும் உறுதியான பதில் இல்லை.

மறுநாள் போபானா மையத்துக்குப் போனேன். திரைப்பட இயக்குநர் ரித்தி பான் முன்னின்று உருவாக்கி, 2006-ல் திறந்த ஒலி-ஒளிக் காப்பகம். கட்டணம் கிடையாது, யாரும் உட்கார்ந்து கேட்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். நேற்றுக் கேட்ட அதே பாட்டு! ஆனால் டுப் டுப் இல்லை. முள் உரசும் இரைச்சல், கொஞ்சம் முந்தி ஓடும் டிரம்ஸ், பாடகரின் வரி முடிவதற்குள் எட்டிப் பார்க்கும் ஆர்கன். ஒரே அறையில் சேர்ந்து நின்று வாசித்தவர்கள் அவர்கள். நான்கு முறை கேட்டேன்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மூல நாடாக்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. தப்பிய தட்டுகளிலிருந்தும் கேசட்டுகளிலிருந்தும் அகதிகளாகப் போனவர்கள் பிரதி மேல் பிரதி எடுத்தார்கள். பின்னாளில் விற்பனைக்கு வந்த பல பதிப்புகளில், ஆட்டத்துக்கு ஏற்றபடி இயந்திரத் தாளத்தை மேலே ஏற்றிவிட்டார்கள். பாடகரின் பெயராவது நிலைத்தது. டிரம்ஸ் வாசித்தவரோ தன் பாட்டிலிருந்தே அழிந்துபோனார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைசி நாள் அதே ஓட்டுநர். இணையத்தில் தேடிப் பிடித்த பழைய பதிவை என் போனில் போட்டுக் காட்டினேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, போனைக் காதோடு வைத்து முழுவதும் கேட்டார்.

“நல்லா இருக்கு. ஆனா எங்க வீட்டுல இருந்தது அந்த இன்னொரு கேசட்தான். அம்மா அதோட சேர்ந்துதான் பாடுவாங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பென் டிரைவை மறுபடி செருகினார். டுப் டுப் தொடங்கியது. அவர் பாடவும் ஆரம்பித்துவிட்டார்.