ஏடிவிக்கு நானே பிரேக் ஆயில் மாற்றினேன்: பின் கேலிப்பரில் ஒளிந்திருந்த காற்று

நீளமான ஒரு இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. மேலே இரண்டு விரலால் பிடித்தாலே நின்ற என் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி), பாதி இறக்கத்தில் நாலு விரலையும் போட்டுப் பிடித்தும் நிற்கவில்லை. முன் பிரேக் லிவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் கடைசியில் ஹேண்டில்பாரையே தொட்டுவிட்டது. கியரைக் குறைத்து, எஞ்சின் இழுவையிலேயே வேகத்தை அடக்கி, ஓரத்து மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிடித்துப் பார்த்தால் லிவர் பழையபடி இறுக்கமாக இருக்கிறது. ஆறினதும் தானாகச் சரியாகிவிடுவதால்தான் பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

பேட் தேயவில்லை, எங்கேயும் ஒழுகவில்லை. பிரேக் ஆயில்தான் காரணம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சரக்கு. டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாங்க வேண்டும் என்பது விதி, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் கேலிப்பர் (பிஸ்டனால் பேடைத் தள்ளி டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) அந்தச் சூட்டை எட்டிவிடும், உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் பிடிக்கும் பிடியெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடுகிறது, பிஸ்டனுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நான் நாலு வருடமாக மாற்றவில்லை, அதுவும் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடுகிற வண்டியில்.

என் வண்டியில் முன் பிரேக் வலது கை லிவரில், அதற்கு இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு கேலிப்பர். பின் பிரேக் கால் பெடலில், அச்சில் ஒரே ஒரு கேலிப்பர். இரண்டுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர், அதாவது நாம் பிடிப்பதையும் மிதிப்பதையும் ஆயிலில் அழுத்தமாக மாற்றும் பாகம். முன்னாடியிலிருந்து ஆரம்பித்தேன்.

வண்டியை முதலில் நன்றாகக் கழுவிக் காயவிட்டேன், ஏனென்றால் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவைத் திறக்கும்போது ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சீல் கீறிவிடும். மூடியிலிருக்கும் இரண்டு ஸ்டார் ஸ்குரூவில்தான் பொறுமை தேவைப்பட்டது. மென்மையான உலோகம், ஸ்குரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் தலை மொழுக்கென்று ஆகிவிடும். சரியான அளவு டிரைவரை வைத்து, அதன் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கீழே அழுத்திக்கொண்டே திருப்பினேன். மூடிக்கு அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும், அதை எடுத்தால் உள்ளே பழைய எஞ்சின் ஆயில் நிறத்தில் பிரேக் ஆயில். புதியது ஏறக்குறைய தண்ணீர் மாதிரி, லேசான மஞ்சளில்தான் இருக்கும். சிரிஞ்சால் அந்தக் கறுப்பை உறிஞ்சி எடுத்ததும், அடியில் வண்டல் பாகு மாதிரி படிந்திருந்தது. நூல் உதிராத துணியால் அதைத் துடைத்து எடுத்தேன்.

டப்பாவின் அடியில் இரண்டு துளை இருக்கும், ஒன்று பெரியது, இன்னொன்று ஊசிமுனை அளவு. அந்தச் சின்னத் துளையைக் கட்டாயம் பாருங்கள். புது ஆயிலை ஊற்றி லிவரை மெதுவாக ஒரு நூல் அளவு இழுத்தபோது அதிலிருந்து ஒரு சின்னப் பீச்சல் எழும்பியது, கூடவே இரண்டு மூன்று பொடிக் குமிழிகள். பீச்சல் வந்தால் துளை அடைக்கவில்லை என்று அர்த்தம். அடைத்திருந்தால் லிவரை விட்ட பிறகும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாமல் பேட் டிஸ்கைப் பிடித்தபடியே நிற்கும். பீச்சல் வெளியே தெறிக்காமல் இருக்க மூடியை மேலே சும்மா வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணாடி, கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எந்த ஆயில் என்பது மூடி மேலேயே அச்சடித்திருக்கும், எனக்கு டாட் 4. டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே கிளைகோல் இனம். டாட் 5 மட்டும் சிலிக்கான், ஊதா நிறம், மற்றவற்றோடு சேரவே சேராது. எண் பெரிதாக இருக்கிறதே, உசத்தியாக இருக்கும் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். சீல் உடைக்காத புட்டியாக வாங்குங்கள், திறந்து மாதக்கணக்கில் கிடந்தது வேண்டாம்.

அடுத்து நிப்பிள், பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடக் கேலிப்பரில் இருக்கும் துளையுள்ள சின்னத் திருகு. சேற்றில் ஓடும் வண்டியில் இதுதான் பெரிய தலைவலி. ரப்பர் தொப்பி எப்போதோ விழுந்துபோய், துளைக்குள் மண் இறுகியிருந்தது. மெல்லிய கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். மறுநாள் வாய் திறந்த ஸ்பேனரைத் தொடவே இல்லை, ஆறு முனை சாக்கெட்தான். முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிடிப்பு விட்ட பிறகு எதிர்ப்பக்கம். 'டக்' என்ற அந்தச் சின்னச் சத்தம் வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. நிப்பிள் கேலிப்பருக்குள்ளேயே முறிந்துவிட்டால் அந்தக் கேலிப்பருக்கே வேலை வந்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அதிலிருந்து தொடங்க வேண்டும், அதனால் முதலில் இடது சக்கரம். ரிங் ஸ்பேனரை மாட்டி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி தெரிகிற டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய புட்டியில் முழுகவிட்டேன். லிவர் தம்பியின் கையில். லிவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு கட்டிவைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் அழுக்கும் அரிப்பும் இருக்கும், அதுவரை தள்ளினால் சீல் கெட்டுவிடும்.

"மூணு தடவை அடிச்சிட்டுப் பிடி."

"பிடிச்சுட்டேண்ணா."

கால் சுற்று திறந்தால் கறுப்பு ஆயில் டியூபில் ஓடியது, உடனே மூடினேன். "விடட்டுமா?" என்று அவன் ஒவ்வொரு முறையும் கேட்டான், நான் மூடிவிட்டேன் என்று சொன்ன பிறகே விட்டான். அந்த ஒழுங்குதான் முக்கியம். மூடுவதற்கு முன்னால் லிவரை விட்டால் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே ஏறிவிடும். ஒரே ஒரு முறை பேச்சுவாக்கில் டப்பாவைப் பார்க்க மறந்தோம். சின்ன டப்பா, லிவரை ஏழெட்டு தடவை அடிப்பதற்குள் வற்றிவிடுகிறது. அடியில் துளை தெரிந்த அந்த நொடியில் லிவர் பஞ்சு மாதிரி ஆனது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். அதன் பிறகு ஐந்து தடவை அடித்ததும் ஊற்றினோம். இரண்டு பக்கமும் ஆயில் வெளுத்து வந்ததும் லிவர் கல் மாதிரி நின்றது.

பின் பிரேக்கும் இதே மாதிரி முடிந்துவிடும் என்று நினைத்தேன், ஒரு முழு மதியம் போனது. ஆயில் சுத்தமாக வருகிறது, டியூபில் ஒரு குமிழிகூட இல்லை, ஆனாலும் பெடல் மிதித்தால் மெத்தென்று இறங்குகிறது. கையால் இயக்கும் வேக்குவம் பம்பை இரவல் வாங்கி மாட்டினேன். அதில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, அரைப் புட்டி ஆயில் தீர்ந்தும் நிற்கவில்லை. அது கேலிப்பருக்குள்ளிருந்து வரும் காற்றில்லை, நிப்பிள் மரைச் சந்து வழியாக வெளிக்காற்றைப் பம்பே உறிஞ்சிக்கொண்டிருந்தது. மரையைச் சுற்றி கிரீஸ் தடவினதும் குமிழி நின்றது, பெடல் மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் தரையில் படுத்து டார்ச் அடித்துக் கேலிப்பரை நன்றாகப் பார்த்தேன். நிப்பிள் கேலிப்பரின் உச்சியில் இல்லை, சாய்ந்து ஒரு பக்கமாக இருந்தது. அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே இடம் இருக்கிறது. காற்று மேலேதான் போகும், நான் கீழே திறந்துவைத்து ஆயிலை மட்டும் வெளியேற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு போல்ட்டைக் கழற்றிக் கேலிப்பரை ஹோஸோடு அப்படியே எடுத்து, பேட் இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் கனத்துக்கு ஒரு பலகைத் துண்டைச் செருகினேன் (இதைச் செய்யாமல் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்). நிப்பிள் நேராக வானம் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் கேலிப்பரின் உடம்பை லேசாகத் தட்டினேன். தம்பி மிதித்தான், நான் திறந்தேன். டியூபில் சுண்டுவிரல் நீளத்துக்குக் காற்று, ஒரே துண்டாக, மெதுவாக நகர்ந்து போனது. இன்னும் இரண்டு முறை பொடிக் குமிழிகள், அதற்குப் பிறகு வெறும் ஆயில். மிதித்த கால் பாதியிலேயே நின்றது.

நிப்பிளை மூடும்போது பலம் காட்ட வேண்டாம், மிகக் குறைந்த இறுக்கமே அதற்குப் போதும். கேலிப்பரைத் திரும்ப மாட்டியதும், பேட் டிஸ்கைத் தொடும்வரை பெடலை நின்ற இடத்திலேயே பலமுறை மிதியுங்கள். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. டிஸ்கில் ஒரு சொட்டுப் பட்டிருந்தாலும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள், பேட் நனைந்திருந்தால் மாற்றிவிடுவதுதான் நல்லது. பழைய ஆயிலை மண்ணில் ஊற்றாமல், எஞ்சின் ஆயிலோடும் கலக்காமல் தனிப் புட்டியில் மூடிவைத்துக் கழிவு எண்ணெய் வாங்குமிடத்தில் கொடுத்தேன்.

மறு வாரம் அதே இறக்கத்தில் இறங்கினேன், இந்த முறை பாதி வேலையை எஞ்சினுக்கே விட்டுவிட்டேன். கீழே வந்து நிறுத்தியதும் லிவர் மேலே பிடித்த அதே இடத்திலேயே நின்றது. சூடு ஆறிய பிறகு மூன்று நிப்பிளையும் விரலால் தடவிப் பார்த்தேன். புதுத் தொப்பிக்கு அடியில் ஈரம் இல்லை.