ஒரு கார்டு, நாலு பேர்

"ஏனுங்க, கதவு தொறக்க மாட்டேங்குதுங்க!"

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வாசலில் இன்று காலை கேட்ட ஈரோட்டுக் குரல். ஒரே கார்டை நாலு பேர் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். ஒருத்தர் உள்ளே, மூன்று பேர் வெளியே.

சிங்கப்பூரில் ஆளுக்கொரு கார்டு வேண்டும். தூரத்துக்குத்தான் காசு என்பதால் இறங்கும்போதும் தட்டணும். ரயிலில் ஸ்டேஷன் கதவே மறித்துவிடும். பஸ்ஸில்தான் வினை. யாரும் கேட்க மாட்டார்கள், மறந்தால் கடைசி ஸ்டாப் வரைக்குமான காசு போய்விடும். நம்மூர் பேங்க் கார்டையும் தட்டலாம், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். நாலு நாள் தங்குவதென்றால் ஈஸி-லிங்க் என்ற பயணக் கார்டே மேல்.

சாயங்காலம் 7.45க்கு கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் ராட்சத செயற்கை மரங்களுக்கு அடியில் ஒளிக்காட்சி. கால் மணி நேரம், இலவசம். அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும், படுத்துக்கொண்டே பாருங்கள். அப்படியே பாலம் ஏறி நடந்தால் மரினா பேயில் தண்ணீர்க் காட்சி. 8 மணி ஆட்டத்துக்கு ஓட வேண்டாம், பெரியவர்கள் நொந்துபோவார்கள். 9 மணிக்கு இன்னொன்று உண்டு.

அப்புறம், மாமா பையில் புகையிலைப் பொட்டலம் இருக்கிறதா என்று பீளமேடு ஏர்போர்ட்டிலேயே பார்த்துவிடுங்கள். மெல்லும் புகையிலைக்கு இங்கே தடை.