சித்திர வகுப்பும் சிப்பாய் முகங்களும்

நம் கல்லூரிச் சித்திர மாஸ்டர் நீர்வர்ணப் பெட்டியில் வெள்ளையைத் தொடவே விடமாட்டார். "அதை அங்கால வை தம்பி. எங்கட ஆக்களிட முகத்தில வெயில் பட்டா மஞ்சள்தான் ஏறும்" என்பார். கடும் மண்ணிறத்தில் தொடங்கி, காவி, அப்புறம் மஞ்சள் காவி என்று படிப்படியாக வெளிச்சத்துக்கு வரவேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆனால் இன்றுவரை என் கையை நடத்துவது அதுதான்.

இங்கிலாந்தில் சிறு சிப்பாய் உருவங்களுக்கு நிறம் தீட்டுவது பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு. எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் தீட்டுவது இரண்டாம் உலகப் போரில், 1944இல் வடகிழக்கு இந்தியாவின் இம்பாலிலும் கொஹிமாவிலும் ஜப்பானியரோடு போரிட்ட பிரித்தானிய 14ஆவது படையின் இந்தியச் சிப்பாய்களை. உருவம் 28 மில்லிமீட்டர். முகம் நாலு மில்லிமீட்டர் வந்தால் அதிகம். இங்கே பழக்கமான முறையில் தோல் நிறத்தோடு வெள்ளை கலந்து வெளிச்சம் காட்டினால், நம்மவர் முகம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடும். மாஸ்டரின் மஞ்சள் காவியை நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதடு ஆகியவற்றில் மட்டும் தொட்டால் முகத்துக்கு உயிர் வருகிறது. வெளிச்சம் மேலிருந்து விழுவதால் மேலுதடு இருட்டாகவே இருக்கட்டும்.

கண்தான் கடினம். முதலில் கண்குழி முழுக்கக் கடும் மண்ணிறம். அது காய்ந்ததும் பழுப்பேறிய எலும்பு நிறத்தில் ஒரு கீறல். கருவிழியைப் புள்ளியாக வைக்கக்கூடாது. சுற்றிவர வெண்மை தெரிந்தால் ஆள் பேயைக் கண்டு மிரண்டவனாகிவிடுவான். மேலிமையிலிருந்து கீழிமை வரை மெல்லிய நேர்கோடாக இழுக்கவேண்டும், இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்க. கடைசியாக மேலிமையை மண்ணிறத்தால் திரும்ப வரைந்தால் பார்வை அமைதியாகிவிடும்.

பலர் கடையில் உள்ளதிலேயே மெல்லிய தூரிகையை வாங்குகிறார்கள். அது சரிவராது, அதில் நிற்கும் சொட்டு முகத்துக்குப் போகுமுன்னே காய்ந்துவிடும். நுனி கூரான 1ஆம் இலக்கமே போதும். நிறத்தை நீர் விட்டு இளக்கி, கடதாசியில் ஒருமுறை ஒற்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துப் பிடித்தால் கை நடுங்காது.

மாஸ்டர் இப்போது இல்லை. நாங்கள் அவரிடம் படித்தோம், எங்கள் பிள்ளைகள் எவரும் அவரைக் கண்டதில்லை என்ற கவலை எனக்கு உண்டு. அடுத்த ஒன்றுகூடலில் சிறுவர்களுக்கென்று நம் பழைய மாணவர் சங்கம் ஒரு மேசை ஒதுக்கித் தந்தால், உருவங்கள், தூரிகை, நிறங்கள் எல்லாவற்றையும் நானே கொண்டுவருகிறேன்.