டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷனைத் தேடி

மூணாறு போய்வந்த தங்கை வீட்டுக்காரர், திரும்பும் வழியில் போடியில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அதைச் சொன்னார். "மச்சான், டாப் ஸ்டேஷன்னு பேர வச்சிட்டு ஒரு ஸ்டேஷனையும் காணோமே. டிக்கெட் வாங்கி உள்ளே போனா, பள்ளத்தாக்கும் பனியும் மாங்காத் துண்டும்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் வரவில்லை. போடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு டாப் ஸ்டேஷன் என்பது முந்தல், குரங்கணி, கொட்டகுடி மாதிரி இன்னொரு பெயர், அவ்வளவுதான். அதற்குக் கீழே மலைச்சரிவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன ஊர்கூட உண்டு. சின்ன வயதில் அதைக் கேட்டுவிட்டு, சென்னை சென்ட்ரலுக்கு அண்ணன் தம்பி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டவன் நான். ஜீப்பே போகாத ஊருக்கு எப்படி சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர் வந்தது என்று நாற்பது வயதுவரை யோசித்ததில்லை.

அன்று ராத்திரி தூக்கம் போனது. மறுநாளிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

ரயில் ஓடியது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பெயர் குண்டளை வேலி ரயில்வே, அதாவது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். ஈவிங் முறை என்பார்கள். சாலையோரத்தில் ஒரே ஒரு தண்டவாளம் கிடக்கும். வண்டியின் சின்னச் சக்கரம் அதன்மேல் உருளும், பாரம் பெரும்பாலும் அதன் தலையில். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் ஓடும். இழுப்பது மாடுகள். 1908இல் இதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். வழியில் மாட்டுப்பட்டியிலும் பாலாறிலும் நிறுத்தம். பதினாறு வருடம் ஓடியது. 1924 ஜூலையில் பெய்த மழையில் மலை சரிந்து பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் மலையாளிகள் அதை இன்றும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் படித்த இடத்திலெல்லாம் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் வரும், அங்கிருந்து ரோப்வேயில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், கொட்டகுடியிலிருந்து 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடி வரும், போடியில் ரயில் ஏறும் என்று. கடைசித் துண்டு எனக்கு இடித்தது. மதுரை - போடி ரயிலே 1928இல்தானே வந்தது? மூணாறு ரயில் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் கழித்து! அப்படியானால் மூணாறு ரயில் ஓடிய காலத்தில் போடியில் ரயில் ஏது? மாட்டுவண்டி போடியோடு நின்றிருக்க முடியாது. பெரியகுளம் வழியாக அம்மையநாயக்கனூர் வரை, அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு வரை, போயிருக்க வேண்டும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். அன்றிலிருந்து எதையும் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை என்று முடிவு செய்து வண்டியைக் கிளப்பினேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாப் ஸ்டேஷன் இருப்பது தமிழ்நாட்டில்தான். தேனி மாவட்டம், கொட்டகுடி ஊராட்சி. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளாவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி 26 கிலோமீட்டரில் போடிமெட்டு, அங்கிருந்து 42 கிலோமீட்டர் மூணாறு, அப்புறம் இன்னும் 32 கிலோமீட்டர் சுற்றி வந்தால் எங்கள் ஊராட்சியின் உச்சி. கொட்டகுடியிலிருந்து கம்பிவடம் 5 கிலோமீட்டரில் முடித்த வேலை. போகிற சாலையின் பெயர் கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. அதன் அந்த முனையிலும் புயல் கொண்டுபோன ஒரு ஸ்டேஷன் கிடக்கிறது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

மூணாறில் என் தாய்மாமா இருக்கிறார். அம்மா பிறந்ததே எல்லப்பட்டி எஸ்டேட் லயத்தில். மாமா கடைசிவரை எஸ்டேட் வேலை பார்த்து, ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனில் வாடகைக்கு வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "ரயிலா? அது எங்க தாத்தா காலத்துக் கதையில்ல மாப்ளே" என்றார். முதலில் தேயிலை மியூசியத்துக்குப் போவோம், அங்கே அந்த ரயிலின் சக்கரம் இருக்கிறது என்றேன். நல்லதண்ணி எஸ்டேட் வரை போய்ப் பார்த்தால் கேட் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறையாம். உள்ளூர்க்காரரோடு போயும் இந்தக் கதி. மாமா என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

சரி, டவுனுக்கு வந்தோம், மூணாறு ஸ்டேஷனையாவது பார்ப்போம் என்று. டீக்கடையில் கேட்டேன், "இங்கே பழைய ரயில்வே ஸ்டேஷன் எங்கேண்ணே?" கடைக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னார். இன்னொருவர், ரயில் வேண்டுமென்றால் ஆலுவா போகணும் என்றார். அப்போதுதான் உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பொறையை டீயில் முக்கிக்கொண்டே சொன்னார்: "கம்பெனி ஆபீஸைப் போய்ப் பாரு. அதுதான் ஸ்டேஷன்."

மாமா அப்படியே நின்றுவிட்டார். தேயிலைக் கம்பெனியின் அந்த அலுவலகத்துக்குச் சம்பள விஷயமாக, பி.எஃப். விஷயமாக எத்தனை தடவை போயிருப்பார்! ரயில் போனபிறகு ஸ்டேஷன் கட்டடத்தை அலுவலகமாக மாற்றிக்கொண்டார்கள். நான் உள்ளே போகக் கேட்கவில்லை. வேலை நடக்கிற இடம், ரோட்டிலிருந்தே பார்த்தோம். பார்க்கத் தெரிந்தபிறகு தெரிகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். தெரியாமல் போனால் பத்தோடு பதினொன்றாக ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். இடிந்து கிடக்கும், செடி முளைத்திருக்கும், வௌவால் பறக்கும் என்று கற்பனை செய்துகொண்டு போனவனுக்கு, பெயின்ட் அடித்து ஃபைல் அடுக்கி வைத்திருக்கிற ஸ்டேஷன் ஏமாற்றமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் காலை மியூசியம் திறந்ததும் முதல் ஆள் நான். 1905ஆம் வருடத்துத் தேயிலை உருட்டும் எந்திரம், பழைய மின் நிலையத்தின் பெல்டன் சக்கரம் எல்லாவற்றையும் தாண்டி ரயில் சக்கரத்தின் முன் போய் நின்றேன். சின்னது. நம் ஊர் ரயில் சக்கரத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் பொம்மை மாதிரி இருக்கும். அந்த அளவைப் பார்த்தபிறகுதான் இரண்டடிப் பாதை என்றால் என்ன என்பது மண்டையில் ஏறியது. இரண்டு கையையும் அரைகுறையாக விரித்தால் வருகிற அகலம். அந்த அகலத்துக்கு மலையில் பெரிய வெட்டு, பெரிய கரை எல்லாம் வேண்டியதில்லை. அதனால்தான் தடமும் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை.

டாப் ஸ்டேஷன் சாலையில் மாமா பின்னால் உட்கார, மெதுவாகப் போனோம். செல்போனில் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பழைய தடத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிரயோஜனமில்லை. மேலேயிருந்து பார்த்தால் தேயிலைச் செடி எல்லாவற்றையும் ஒரே கம்பளமாக மூடியிருக்கிறது, எஸ்டேட் பாதைகள் நூறு கிடக்கின்றன. வழி காட்டியது மாமாவின் ஒரே ஒரு பேச்சு. "ரயில் எருமை மாதிரி மாப்ளே. ஏத்தத்தைக் கண்டா நேரா ஏறாது. சுத்திச் சுத்திச் சாவகாசமா வரும்." அதைப் பிடித்துக்கொண்டேன். சாலை திடீரென்று செங்குத்தாக ஏறினால் அது ரயில் போன இடமில்லை. ஆற்றை ஒட்டி, சரிவைத் தழுவி, சுகமாக வளைகிற இடம் வந்தால் சந்தேகப்படலாம். மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை அணை என்று டூரிஸ்ட் ஜீப்புகள் நிற்கிற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத வளைவுகளில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்த எங்களை ஜீப்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்ததில் இந்த ரயில் ஏன் இந்தத் திசையில் போடப்பட்டது என்பது புரிந்தது. 1500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிற மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை பள்ளத்தாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உயர்கிறது. சின்ன எஞ்சின் ஏறிவிடும். டாப் ஸ்டேஷனில் மலை சட்டென்று முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் அதலபாதாளம், கீழே எங்கள் போடி. எந்த ரயிலும் இறங்காத சரிவு. அதனால் தண்டவாளத்தை நிறுத்திவிட்டுக் கம்பிவடத்தைத் தொங்கவிட்டார்கள். தேயிலைப் பெட்டி இறங்கியது, அரிசி ஏறியது. தோட்டத்துக்கு ஆட்கள் வந்ததும் மலைக்குக் கீழே இருக்கிற தமிழ் ஊர்களிலிருந்துதான். என் அம்மாவின் தாத்தா உட்பட. அவர்கள் கம்பிவடத்தில் வரவில்லை, நடந்துதான் ஏறினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு மேற்கே நேரியமங்கலம் வழியாக நல்ல சாலை வந்தது, 1935இல் பெரியாற்றின்மேல் பாலமும் திறந்தார்கள். மூணாறு முகத்தைக் கொச்சிப் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு யார் குண்டளைப் பாதையைத் திரும்பப் போடப் போகிறார்கள்?

டாப் ஸ்டேஷனில் நுழைந்ததும் பி.எஸ்.என்.எல். சிக்னலோடு தமிழ்நாட்டுப் பலகையும் வந்தது. வியூ பாயிண்டுக்குப் போகிற வழியில் வரிசையாகக் கடைகள். கேரட், பேஷன் ஃப்ரூட், மாங்காத் துண்டு. மச்சான் சொன்னது சரிதான். ஒவ்வொரு கடையிலும் கேட்டேன். மூன்றாவது கடையில் இருந்த அம்மா, "ரோப்பு நின்ன இடமா? அங்கிட்டு, மேட்டுல" என்று கையைக் காட்டினார். ஸ்டேஷன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, ரோப்பு என்று கேட்டால் தெரிகிறது! இத்தனை நாள் தப்பான வார்த்தையை வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன்.

புதருக்குள் பத்து நிமிடம். அட்டை இரண்டு தடவை காலில் ஏறியது, மாமா மூக்குப்பொடியைப் போட்டு உதிர்த்தார். அப்புறம் கருங்கல்லும் காரையுமாக ஒரு மேடை தட்டுப்பட்டது. அதில் பதித்த இரும்பு, துருப்பிடித்து இலை இலையாகப் பெயர்ந்து வந்தது. சுவர் என்று சொல்ல இடுப்பளவுகூட இல்லை. பிளாட்ஃபாரம் எங்கே, தண்டவாளம் எங்கே வந்து நின்றது என்று கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது. ஆனால் அந்த மேடையில் ஏறி நின்றால் நேர் கீழே பள்ளத்தாக்கு திறக்கிறது. கம்பிவடம் எந்தத் திசையில் இறங்கியிருக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனி விலகிய ஒரு நிமிடத்தில் கீழே சரிவில் சில கூரைகள் மின்னின. "அதுதான் சென்ட்ரல் ஸ்டேஷன்" என்றார் மாமா.

அப்போதுதான் என் சின்ன வயதுச் சந்தேகம் தீர்ந்தது. இது மேல் நிலையம், கொட்டகுடி கீழ் நிலையம், வடம் நடுவில் தங்கிப் போன இடம் சென்ட்ரல். மூன்று ஸ்டேஷனில் ரயிலைக் கண்டது இது ஒன்றுதான்.

அங்கிருந்து குரங்கணிவரை பழைய நடைபாதை இருக்கிறது. மாமா காலத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அப்படியே இறங்கி வந்துவிடுவார்களாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இறந்தபிறகு வனத்துறை அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் யாரும் கால்வைக்க முடியாது. நான் அனுமதி வாங்கி வரவில்லை. ஆக, கண்ணுக்கு நேரே தெரிகிற ஊருக்கு வந்த வழியே 100 கிலோமீட்டர் திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ் முனையைப் பார்த்துவிடலாம் என்று போடியிலிருந்து குரங்கணி பஸ் ஏறினேன். ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனேன். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் மூடி, 2023 ஜூனில்தான் மறுபடி ரயில் வந்தது. அந்தப் பன்னிரண்டு வருடமும் தண்டவாளம் இல்லாத ஸ்டேஷன் ஒன்று என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடந்தது. ஒரு நாளும் போய்ப் பார்க்கத் தோன்றியதில்லை.

கொட்டகுடியில் இறங்கி, இந்தத் தடவை புத்திசாலித்தனமாக "ரோப்பு நின்ன இடம் எங்கேண்ணே?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரோப்பா? அப்படி ஒண்ணும் இங்க இல்லியே. நீங்க பாட்டம் ஸ்டேஷனைக் கேக்குறீங்களா?"